பைபர் படகில் அவுட்போர்டு எஞ்சின் பொருத்தி நல்ல ஓட்டம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

18 அடியிலிருந்து 28 அடி வரை பைபர் படகு வைத்திருப்பவர்களுக்கும், பழைய படகுக்குப் புது அவுட்போர்டு எஞ்சின், அதாவது பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின், மாட்டப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று எந்தக் கரையில் போய் நின்றாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "புது எஞ்சின் போட்டும் ஓட்டம் வரல." பெரும்பாலும் எஞ்சினில் குறை இருக்காது. படகின் அடி, ஏற்றிய எடை, எஞ்சின் நிற்கும் உயரம், சாய்வு, விசிறி (புரொப்பெல்லர்), இந்த ஐந்தில் ஒன்றோ இரண்டோ தப்பாக இருக்கும்.

வரிசையும் இதேதான்: அடி, எடை, உயரம், சாய்வு, கடைசியில் விசிறி. முன்னால் இருப்பதை மாற்றினால் பின்னால் இருப்பது எல்லாமே மாறிப் போகும், அதனால் வரிசையைக் கலைக்கக் கூடாது. முதல் வேலையாக விசிறியை மாற்றிவிட்டு அப்புறம் அடியைச் சரிசெய்தால், காசு கொடுத்து வாங்கிய விசிறி பொருந்தாமல் போகும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

1. உங்கள் படகு ஏறி ஓடுமா, தள்ளி ஓடுமா?

எந்த ஸ்பேனரையும் கையில் எடுக்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். படகுகள் இரண்டு விதமாக ஓடும். ஒன்று, தண்ணீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போவது. இன்னொன்று, வேகம் கூடக் கூட அடிப்பரப்பு தண்ணீரை அழுத்தி, படகு மேலே எழும்பி நீர்மட்டத்தின் மேல் வழுக்கி ஓடுவது.

தள்ளி ஓடும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் நாட் கணக்கில் அந்த வரம்பு. 20 அடிக்கு 6 நாட், 25 அடிக்கு 6.7 நாட், 28 அடிக்கு 7.1 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே 28 அடிப் படகுக்கு மணிக்கு 13 கிலோமீட்டர் சுமார். அந்த வேகத்தில் படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு, முன் அலையின் மேல் அணியத்தை (படகின் முன்முனையை) வைத்துக்கொண்டு ஏறப் பார்க்கும். இந்த நிலையில் எஞ்சின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் எண்ணெய்தான் (எரிபொருள்தான்) கூடச் செலவாகும், வேகம் ஒரு நாட் கூடினாலே பெரிது.

அந்த மேட்டைத் தாண்டி ஏற வேண்டுமென்றால் தோராயமாக ஒரு எச்பிக்கு (குதிரைத்திறனுக்கு) 20 முதல் 25 கிலோ, அதற்கு மேல் எடை இருக்கக் கூடாது. படகு, எஞ்சின், ஆள், எண்ணெய், வலை, ஐஸ் எல்லாம் சேர்த்த கணக்கு இது. அப்படியென்றால் 9.9 எச்பிக்கு 250 கிலோ, 25 எச்பிக்கு 600 கிலோ, 40 எச்பிக்கு 1,000 கிலோ. நான்கு பேர், வலை, பெட்டியோடு தொழிலுக்குப் போகும் 26 அடிப் படகு 9.9 எச்பியில் ஏறி ஓடாது. அது எஞ்சினின் குற்றமும் இல்லை, படகின் குற்றமும் இல்லை, கணக்கு அப்படி. அந்தப் படகுக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு, ஏறி ஓடும் படகுக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. கீழே இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வளையாத 6 அடி அலுமினியப் பட்டை ஒன்று, ரசமட்டம், டேப், நீளமான நூல், மார்க்கர். பின்பலகைக்கு (எஞ்சின் மாட்டும் பின்பக்கப் பலகைக்கு) பொருத்த அரை அங்குலக் கனமுள்ள கடினமரத் துண்டுகள் சில. எவர்சில்வர் போல்ட், நைலான் நட், பெரிய வாஷர், கடலுக்கென்று விற்கும் சீலன்ட். ஜிபிஎஸ் வேகம் காட்டும் கைபேசி, அதற்குத் தண்ணீர் புகாத உறை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் கட்டாயம் வேண்டும். பிளக் ஒயரில் சுற்றிக் கட்டும் சின்ன வகையே போதும், விலையும் அதிகம் இல்லை. சுற்று தெரியாமல் விசிறி தேர்ந்தெடுப்பது வெறும் ஊகம்.

எஞ்சின் கையேட்டில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழுத் திராட்டிலில் (விசையை முழுக்கத் திறந்த நிலையில்) எஞ்சின் எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்றுக்குள் ஓட வேண்டும், கியர் விகிதம் என்ன. அப்புறம் ஒரு நோட்டு. எச்பி மாறுகிறது என்றால் படகுப் பதிவில் உள்ள எஞ்சின் விவரத்தையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள், பின்னால் மானியம், நிவாரணம் என்று வரும்போது அலைய வேண்டியிருக்காது.

3. படகின் அடியைப் பார்ப்பது

படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போடுங்கள், முடியாவிட்டால் பக்கவாட்டில் சாய்த்துத் தாங்கல் கொடுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பது பின்பலகையிலிருந்து முன்னோக்கி வரும் கடைசி 5, 6 அடிதான், ஏனென்றால் ஏறி ஓடும்போது தண்ணீரில் மிச்சம் இருக்கும் பகுதியே அதுதான். அலுமினியப் பட்டையை ஏராவுக்கு (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் தண்டுக்கு) இணையாக, ஏராவுக்கும் பக்க விளிம்புக்கும் நடுவில் நீளவாக்கில் வையுங்கள். பட்டையும் அடியும் முழுக்க ஒட்டி இருக்க வேண்டும்.

பட்டையின் நடுவில் இடைவெளி தெரிந்தால் அடி உள்வாங்கியிருக்கிறது. ஓடும்போது அந்தக் குழிவு பின்பக்கத்தைத் தூக்கும், அணியம் கீழே குத்தும், முன்னால் நனையும் பரப்பு கூடி வேகம் விழும். நடுவில் பட்டை தொட்டு இரண்டு முனையும் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. அப்போது பின்பக்கம் கீழே உறிஞ்சப்படும், அணியம் எழும்பி விழுந்து எழும்பி விழுந்து குதிரை போல் துள்ளும். கால் அங்குலக் கோணல் கூட வேகத்தில் தெரியும். இது வர முக்கியக் காரணம் கரையில் படகை இரண்டே இரண்டு கட்டைமேல், அதுவும் தப்பான இடத்தில், மாதக்கணக்கில் வைத்திருப்பது. அடுத்த காரணம், ஓட்டை அடைக்கிறேன் என்று அடுக்கடுக்காகப் பைபர் ஒட்டித் தேய்க்காமல் விடுவது.

அடுத்து, பின்பலகையும் அடியும் சேரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரிக் கூராக வேண்டாம், ஆனால் உருண்டையாக இருக்கவே கூடாது. உருண்டு போயிருந்தால் தண்ணீர் விளிம்பை விட்டு அறுந்து விலகாமல் வளைந்து மேலே ஏறும், ஏறும்போதே படகைப் பின்னுக்கு இழுக்கும். மணலில் இழுத்து இழுத்து இந்த விளிம்புதான் முதலில் தேய்கிறது. ரெசினும் பைபர் பாயும் வைத்து விளிம்பை மறுபடி சதுரமாக எழுப்பிக்கொள்ளலாம். பக்க விளிம்புகளுக்கும் இதே கதைதான், அங்கேயும் உருண்டிருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் தெறித்து விலகாமல் படகோடு ஒட்டி மேலே ஏறும்.

ஏராவைக் கவனியுங்கள். கரையில் இழுப்பதற்காக நம் படகுகளில் தடித்த ஏரா பின்பலகை வரை போகும். ஓடும்போது அதன் வால் பக்கத்தில் தண்ணீர் கலங்கி, காற்றுக் குமிழோடு நேராக விசிறிக்குள் போகிறது. கடைசி ஒன்று, ஒன்றரை அடியில் ஏராவைச் சரிவாகத் தேய்த்து ஒன்றுமில்லாமல் முடித்துவிடுங்கள். இந்த ஒரு வேலை மட்டுமே பல படகுகளில் விசிறி காற்று இழுப்பதை நிறுத்திவிடும், செலவும் குறைவு.

அடியின் கோணம் பற்றி. பின்பலகையில் அடி தட்டையாக இருந்தால் அதே எச்பிக்குச் சீக்கிரம் ஏறும், வேகமாகவும் ஓடும், ஆனால் அலையில் அறையும். 20 பாகைக்கு மேல் வி வடிவமாக இருந்தால் அலையை வெட்டிப் போகும், ஆனால் சக்தி கூடக் கேட்கும், நின்றால் ஆடும். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைவு. வாடை (வடகிழக்குக் காற்று) வீசினால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். தென்கடலில் மன்னார் வளைகுடாவில் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்து அலை நீளமாக உருண்டு வரும். இரண்டு பக்கமும் ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் 10 முதல் 15 பாகை, அணியம் அதைவிடக் கூர்மை என்று இருக்கும் அடியைத்தான் சொல்வேன். புதுப் படகு வாங்கும்போது வாசலில் நின்று வண்ணத்தைப் பார்க்காமல் பின்னால் போய் இந்தக் கோணத்தைப் பாருங்கள். கைபேசியில் உள்ள மட்டமானியே இதைக் காட்டும்.

பாசி, சிப்பி பற்றிச் சொல்லவே வேண்டாம். சுரண்டிவிடுங்கள். மெல்லிய பாசிப் படலமே ஓட்டத்தைக் குறைக்கும்.

4. எடை: எவ்வளவு, எங்கே

காலிப் படகை ஒரு முறையாவது எடை போட்டுப் பாருங்கள். லாரி எடைமேடை இருக்கும் இடத்துக்கு டிராக்டரில் போகும்போது முடியும். பழைய படகில் உள்ளே அடைத்த நுரைக்குள் தண்ணீர் ஏறி, வாங்கியபோது இருந்ததைவிடப் பெருத்த எடை வந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

எடை எங்கே நிற்கிறது என்பது மொத்த எடை அளவுக்கு முக்கியம். ஏறி ஓடும் படகில் மொத்த எடையின் மையம், பின்பலகையிலிருந்து அளந்தால் படகு நீளத்தில் 35 முதல் 40 சதவீதத்தில் இருப்பது நல்லது. 20 அடிப் படகில் 7 முதல் 8 அடி. நம் ஆட்கள் செய்வது என்னவென்றால் எஞ்சின் பின்னால், எண்ணெய்க் கேன்கள் பின்னால், பாட்டரி பின்னால், ஓட்டுகிறவரும் பின்னால், பேச்சுத் துணைக்கு இன்னொருவரும் பின்னால். அப்புறம் அணியம் வானத்தைப் பார்க்கிறது, எஞ்சின் கத்துகிறது, படகு ஏறவில்லை. கேன்களையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்கு நகர்த்துங்கள். அதே சமயம் நங்கூரம், கயிறு, வலை மொத்தத்தையும் அணியத்தில் குவிக்காதீர்கள், அணியம் அமுங்கினால் படகு தானே பக்கம் திரும்பப் பார்க்கும், பின்னாலிருந்து அலை வந்தால் அது ஆபத்து.

5. பின்பலகையும் ஷாஃப்ட் நீளமும்

அவுட்போர்டு எஞ்சின்கள் 15, 20, 25 அங்குலப் பின்பலகைக்கு ஏற்ற ஷாஃப்ட் நீளங்களில் வருகின்றன. பின்பலகையின் மேல் விளிம்பு நடுவிலிருந்து அடிவரை, பலகையோடு ஒட்டி அளக்க வேண்டும். பக்கத்தில் அளந்தால் வி வடிவப் படகில் அளவு குறைவாக வரும், ஷாஃப்ட் மாறிப்போகும். எஞ்சின் வாங்கிக் கொண்டுவந்த பிறகு அளப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதற்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

பலகையைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் உள்ளே பிளைவுட் நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் ஊறிப்போயிருக்கிறது, அதன்மேல் எஞ்சின் மாட்டக் கூடாது. முழு வேகத்தில் படகைத் தள்ளுகிற விசை மொத்தமும் அந்தப் பலகை வழியாகத்தான் போகிறது.

6. நடுக்கோடு, உயரம்

அணியத்தின் நுனியில் ஆணி அடித்து நூல் கட்டிப் பின்பலகையின் நடுவுக்கு இழுங்கள். பலகையின் இரண்டு மூலைகளிலிருந்தும் அளந்து நடுவைச் சரிபார்த்துக் கோடு போடுங்கள். ஒரு அங்குலம் விலகினாலும் படகு ஒரு பக்கம் இழுக்கும், கையும் நாள் முழுக்க அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடுதான், எல்லோரும் கேவிட்டேஷன் பிளேட் என்று சொல்வது, நம் அளவுகோல். எஞ்சினை மாட்டி, திருகை லேசாக இறுக்கி, அலுமினியப் பட்டையை ஏராவுக்கு அருகே அடியோடு சேர்த்துப் பின்னால் நீட்டிப் பாருங்கள். தகடு பட்டையின் மட்டத்தில் வர வேண்டும். தொடக்கப் புள்ளி இதுதான்.

இங்கிருந்து படகின் வகைக்கு ஏற்பப் பிரிகிறது.

ஏறி ஓடும் படகில் அரை அங்குலம் அரை அங்குலமாக எஞ்சினை உயர்த்திப் பாருங்கள். தண்ணீரின் இழுப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 20 நாட் வேகத்தில் எஞ்சின் கால் (விசிறியைத் தாங்கும் கீழ்ப்பகுதி) தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் நிற்கிறதோ அவ்வளவு நஷ்டம். அடிமட்டத்திலிருந்து ஒரு அங்குலம் மேலே தகடு நிற்கும் உயரத்தில் பல படகுகள் நன்றாக ஓடும். திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று கத்தி, வேகம் விழுந்தால் விசிறி மேலிருந்து காற்றை இழுக்கிறது, அரை அங்குலம் இறக்குங்கள். உயர்த்தும்போதெல்லாம் எஞ்சினிலிருந்து பீச்சும் குளிர்நீரைப் பாருங்கள். நீர் உறிஞ்சும் துளை மேலே வந்துவிட்டால் எஞ்சின் சில நிமிடத்தில் சூடேறிவிடும்.

தள்ளி ஓடும் படகில் உயர்த்தவே உயர்த்தாதீர்கள். 6, 7 நாட் வேகத்தில் கால் இழுப்பதால் வரும் நஷ்டம் சொற்பம், ஆனால் அலையில் பின்பக்கம் எழும்பும்போது விசிறி வெளியே வந்தால் எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும். தகடு அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. வேகப்படகு ஓட்டுகிறவர் சொன்னார் என்று வலைப்படகில் எஞ்சினை உயர்த்திக் கட்டி, வாடை அலையில் தவிப்பவர்களைப் பார்த்தாலே கஷ்டமாக இருக்கிறது.

பின்பலகைக்கு வெளியே இரும்புத் தாங்கி வைத்து எஞ்சினைத் தள்ளி மாட்டுகிறீர்கள் என்றால், ஏறி ஓடும் படகில் ஒவ்வொரு 12 அங்குலத் தள்ளலுக்கும் ஒரு அங்குலம் உயர்த்துங்கள், பலகையைத் தாண்டியதும் தண்ணீர் மேலே எழும்பும் என்பதால். எடையும் அதே அளவு பின்னால் போகிறது என்பதை மறக்காதீர்கள், 4ஆம் பகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி சமன் செய்ய வேண்டும்.

உயரம் முடிவாகும் வரை துளை போடாதீர்கள், கைத்திருகும் பாதுகாப்புச் சங்கிலியும் மட்டும் வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழுத் திராட்டில் கொடுப்பதற்கு முன் போல்ட் போட்டுவிட வேண்டும். துளைக்குள் சீலன்ட் நிறைத்துத்தான் போல்ட் போக வேண்டும், இல்லையென்றால் அந்தத் துளை வழியாகத்தான் பிளைவுட் ஊற ஆரம்பிக்கும்.

7. ஓட்டிப் பார்க்கும் முறை

நம் கரைக்கு ஒரு வசதி உண்டு. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளித்தால் வடகடல் அமைதியாக இருக்கும், வாடைக் காலத்தில் நேர்மாறாக. மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்கள் எந்த மாதத்திலும் அமைதியான பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாம்பன் கால்வாயிலும் பாலத்தடியிலும் சோதனை ஓட்டம் வேண்டாம், நீரோட்டம் கடுமை, போக்குவரத்தும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அவற்றின் பக்கம் போகாதீர்கள். கடற்புல் படுகைமேல் வேகம் எடுக்காதீர்கள். கடல்பசு மூச்சுவிட மேலே வரும் இடம் அது, புல்லும் அறுந்து நீர் உறிஞ்சும் துளையை அடைக்கும்.

ஆழம் 4 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். வடகடல் ஓரத்தில் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான், அங்கே எடுக்கும் எண் ஏமாற்றும். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை போகக்கூடிய அதிக வேகமே 6 நாட் அளவுதான். அதே வேகத்தில் உங்கள் படகும் போனால், தான் எழுப்பிய அலையைத் தாண்ட முடியாமல் பின்பக்கம் அமுங்கி நிற்கும், எஞ்சின் சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

நீரோட்டத்தோடு ஒரு ஓட்டம், அதே பாதையில் எதிராக ஒரு ஓட்டம், இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு "18 நாட் போச்சு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. தொழிலுக்கு மண்ணெண்ணெயில் ஓட்டுவீர்கள் என்றால் சோதனையும் மண்ணெண்ணெயில்தான், பெட்ரோலில் சக்தி கூட வரும். தொழில் எடையை ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டில் தேதி, எடை, உயரம், சாய்வுத் துளை, சுற்று, வேகம் எழுதுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டு, ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். சோதனையில் கூர்மையான திருப்பங்கள் எடுப்போம், ஆள் தூக்கி எறியப்படுவது அப்போதுதான், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவர்மேலேயே ஏறும்.

8. சாய்வு

சின்ன எஞ்சின்களில் தாங்கியில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஊசியை எந்தத் துளையில் போடுகிறோமோ அதுதான் சாய்வு. படகு தன் ஓட்ட நிலையில் போகும்போது கேவிட்டேஷன் பிளேட் அடிக்கு இணையாக இருக்கும்படி தொடங்குங்கள்.

எஞ்சின் கால் பின்பலகையை நோக்கி உள்ளே வந்தால் அணியம் கீழே அமுங்கும், வெளியே போனால் அணியம் எழும்பும். கிளம்பும்போது உள்ளே இருப்பது உதவும், ஏறிய பிறகு ஒரு துளை வெளியே இருந்தால் நனையும் அடிப்பரப்பு குறைந்து வேகம் கூடும். பக்கவாட்டில் தண்ணீர் எங்கிருந்து தெறித்துக் கிளம்புகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அணியத்துக்கு அருகிலிருந்து கிளம்பினால் சாய்வு போதவில்லை. நடுவுக்குப் பின்னால் போயிருந்தால் நன்றாக இருக்கிறது. அணியம் துள்ள ஆரம்பித்தால் ஒரு துளை உள்ளே எடுங்கள்.

கடலுக்கு ஏற்பவும் மாற்ற வேண்டும். வாடையை எதிர்த்து வடகடலில் போகும்போது ஒரு துளை உள்ளே, கூரான அணியம் அலையை வெட்டும். கச்சான் காலத்தில் கீழக்கரைக்கோ ஏர்வாடிக்கோ கரை திரும்பும்போது அலை பின்னாலிருந்து வரும், அப்போது வெளியே. அணியம் முன் அலையில் குத்தினால் பின் அலை படகைப் பக்கவாட்டில் சுழற்றிக் கவிழ்க்கும். ஊசி மாற்றும் வேலையைக் கரையிலேயே யோசித்துச் செய்துவிடுங்கள், நடுக்கடலில் ஆடும் படகில் பின்னால் குனிந்து செய்யும் வேலை இல்லை அது.

தள்ளி ஓடும் படகில் சாய்வால் வேகம் பெரிதாக மாறாது. விசிறித் தள்ளல் நீர்மட்டத்துக்கு இணையாக இருந்தால் போதும்.

9. விசிறி

விசிறியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும், விட்டம், பிட்ச். பிட்ச் என்பது நழுவாமல் ஒரு சுற்று சுற்றினால் விசிறி முன்னேறும் தூரம், அங்குலத்தில்.

முழுத் திராட்டில், தொழில் எடை, டாக்கோமீட்டரைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன எல்லைக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம், மேலே போனால் பிட்ச் குறைவு. ஒரு அங்குலம் பிட்ச் மாறினால் 150 முதல் 200 சுற்று மாறும். எல்லையின் மேல்பாதியில் நிற்கும்படி தேர்ந்தெடுங்கள், எடை கூடும் நாளில் கொஞ்சம் இறங்கினாலும் எல்லைக்குள் இருக்கும்.

நழுவல் என்பது விசிறி கணக்குப்படி போக வேண்டிய வேகத்தில் எவ்வளவு குறைகிறது என்பது. அதைக் கணக்கிட ஒரு வழி: எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 1,215 ஆல் வகுங்கள், நாட் வரும். 5,000 சுற்று, 2.08 விகிதம், 10 அங்குலப் பிட்ச் என்றால் 19.8 நாட். ஜிபிஎஸ் சராசரி 16.5 காட்டினால் நழுவல் 17 சதவீதம் சுமார். ஏறி ஓடும் லேசான படகுக்கு 10 முதல் 20 சதவீதம் நல்ல எண். 30ஐத் தாண்டினால் விசிறியை மாற்றும் முன் உயரத்தையும் ஏராவின் வாலையும் மறுபடி பாருங்கள்.

கனமான வலைப்படகில் பாதிக்குப் பாதி நழுவினாலும் பயப்பட வேண்டாம், அந்த வேகத்தில் அது சகஜம். அங்கே பார்க்க வேண்டியது சுற்றை மட்டும். இந்தக் கரையில் நடக்கும் பெரிய நஷ்டமே இதுதான்: எஞ்சினோடு வந்த பெரிய பிட்ச் விசிறியைக் கழற்றாமலே கனமான படகில் ஓட்டுவது. சுற்று ஏறாமல் எஞ்சின் நாள் முழுக்கத் திணறுகிறது, எண்ணெய் குடிக்கிறது, கரி பிடிக்கிறது, சூடேறுகிறது, ஒரு பருவம் முடிவதற்குள் பிஸ்டன் வேலைக்கு வந்துவிடுகிறது. கனமான படகுக்குச் சின்னப் பிட்ச், அகன்ற இதழ் விசிறி. அதில் வேகம் ஒரு நாட் அளவுக்குள் கூடினால் கூடட்டும், எஞ்சின் தன் சுற்றில் ஓடி ஆயுள் நீளும் என்பதே போதுமான காரணம்.

இதழில் வளைவும் சில்லும் இருந்தால் அந்த விசிறியில் எடுத்த எந்த எண்ணும் பயன்படாது. பாம்பன் பக்கம் பாறையும் பவளமும் தட்டிய விசிறியோடுதான் பல பேர் சோதனைக்கே வருகிறார்கள்.

10. இப்படி நடந்தால் இதைப் பாருங்கள்

சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: எஞ்சின் உயரம் அதிகம், அல்லது ஏராவின் வால் கலக்குகிறது, அல்லது விசிறியில் புல்லோ நைலான் வலையோ சுற்றியிருக்கிறது. விசிறியின் உள் ரப்பர் கிழிந்து நழுவினாலும் இதே அறிகுறிதான், விசிறியிலும் அதன் நடுத்தண்டிலும் நேர்கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

அணியம் எழும்பி அப்படியே நிற்கிறது, ஏறவில்லை: பின்னால் எடை அதிகம், அல்லது சாய்வு வெளியே அதிகம், அல்லது எச்பிக்கு மீறிய எடை. முதலில் ஒரு ஆளை முன்னால் நகரச் சொல்லிப் பாருங்கள். உடனே ஏறிவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

படகு ஒரு பக்கம் இழுக்கிறது: நடுக்கோட்டைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால், கேவிட்டேஷன் பிளேட்டுக்குக் கீழே சின்னத் துடுப்பு இருக்கும் எஞ்சின்களில், படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம் துடுப்பின் பின்முனையைத் திருப்பி இறுக்குங்கள். அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், பல எஞ்சின்களில் உலோக அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துண்டும் அதுவே.

11. முதல் வாரம்

போல்ட்களை ஒரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும், ஒரு வாரம் கழித்தும் மறுபடி இறுக்குங்கள், புது மரத்துண்டு அமுங்கிக் கொடுக்கும். கைத்திருகுகளை ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் பாருங்கள். விசிறியைக் கழற்றித் தண்டில் சுற்றிய நைலான் இழையை எடுங்கள், அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியருக்குள் கடல்நீர் போய்விடும். கியர் ஆயிலை ஒரு சொட்டு இறக்கிப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது, சீலை மாற்றும் வரை கடலுக்குப் போக வேண்டாம்.